வெளியூர் புறப்படும் பழைய வண்டி: ஆயில் முள்ளைச் சூட்டில் பார்க்க வேண்டும்

மேல்விஷாரம், ஆற்காடு, வாலாஜாபேட்டை வட்டாரத்து உழவர்கள் பழைய டீசல் வண்டியை வாங்குவது பெரும்பாலும் பக்கத்து வேலைக்காகத்தான். உர மூட்டை ஏற்றுவதும், வைக்கோல் கொண்டு வருவதும், கரும்பைத் திருவலம் அருகே அம்முண்டியிலுள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கொண்டுபோய் இறக்குவதும் அதன் அன்றாட வேலை. நாளெல்லாம் நின்று நின்று ஓடுவதால் வண்டியின் குறை வெளியே தெரிவதில்லை. கத்தரியும் வெண்டையும் விளைந்து, உள்ளூரில் விலை இல்லாமல், சென்னை கோயம்பேட்டுக்கு ஏற்றிப் போகலாம் என்று முடிவு செய்யும் அன்றுதான் அந்தக் குறை தலை தூக்குகிறது.

மேல்விஷாரத்திலிருந்து கோயம்பேடு நூறு கிலோமீட்டருக்கும் மேல். நெடுஞ்சாலையில் இரண்டரை, மூன்று மணி நேரம் என்ஜின் ஒரே வேகத்தில், முழுச் சுமையில் ஓட வேண்டும். விடியுமுன் சந்தைக்குப் போய்ச் சேராத காய்க்கு விலை பாதிதான். வழியில் என்ஜின் பிடித்துக்கொண்டால் காய் போகிறது, வாடகை வண்டிக்குப் பணம் போகிறது, கடைசியில் என்ஜினும் போகிறது. ஒரு பருவத்து லாபம் ஓர் இரவில் கரைந்துவிடும்.

இந்த நஷ்டத்தைப் பெரும்பாலும் முன்கூட்டியே தடுக்கலாம். அதற்கு வேண்டியது ஒரு மாலை நேரம், ஒரு நோட்டுப் புத்தகம், ஆயில் அழுத்தம் காட்டும் முள்ளைச் சரியான நேரத்தில் பார்க்கும் பழக்கம். சரியான நேரம் என்பது காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் அல்ல. என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு.

முள் எதைக் காட்டுகிறது?

ஆயில் கேஜின் முள் என்ஜினில் எவ்வளவு ஆயில் இருக்கிறது என்று காட்டுவதாகச் சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு. ஆயில் அளவைக் காட்டுவது டிப்ஸ்டிக் குச்சி. முள் காட்டுவது அழுத்தம்.

என்ஜினின் அடியிலுள்ள சம்ப்பில் ஆயில் தேங்கியிருக்கிறது. ஆயில் பம்ப் அதைச் சல்லடை வழியாக உறிஞ்சி, பில்டர் வழியாக மெயின் பேரிங், கனெக்டிங் ராடு பேரிங், கேம் ஷாப்ட் ஆகிய இடங்களுக்குத் தள்ளுகிறது. பேரிங்குக்கும் கிராங்க் ஷாப்டுக்கும் இடையே உள்ள சந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அந்தச் சந்தில் ஆயில் மெல்லிய ஏடுபோல் நின்று, இரும்பு இரும்போடு உரசாமல் தாங்குகிறது.

கிணற்று மோட்டாரின் குழாயை இதற்கு ஒப்பிடலாம். குழாய் வாயைக் கட்டைவிரலால் அடைத்தால் தண்ணீர் வேகமாகப் பீச்சுகிறது. விரலை எடுத்தால் வேகம் தணிகிறது. மோட்டார் அதேதான், தண்ணீரும் அதேதான். வாய் அகன்றதால் அழுத்தம் குறைந்தது. பேரிங் தேய்ந்து சந்து அகன்றால் என்ஜினிலும் இதுவே நடக்கிறது. ஆகவே முள் இறங்குவதற்கு மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும்: பம்ப்புக்கு ஆயில் சரியாகக் கிடைக்கவில்லை, ஆயில் நீர்த்துவிட்டது, அல்லது ஆயில் தப்பிப்போகும் வழி அகன்றுவிட்டது.

குளிர்ந்த என்ஜினில் ஆயில் கெட்டியாக இருக்கும். தேய்ந்துபோன என்ஜினில்கூட அப்போது முள் ஜம்மென்று மேலே நிற்கும். அதைப் பார்த்து நம்பிப் புறப்படுவதுதான் தவறு. சூடேறி ஆயில் இளகியபின் முள் எங்கே நிற்கிறதோ, அதுவே என்ஜினின் உண்மையான நிலை. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வட்டார வெயிலில் இதை மறக்கவே கூடாது.

எவ்வளவு இருக்க வேண்டும்?

ஒவ்வொரு என்ஜினுக்கும் அளவு வேறு. வண்டியுடன் வந்த கைப்புத்தகத்தில் உள்ள எண்ணே இறுதியானது. புத்தகம் இல்லாவிட்டால் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் என்ஜின் மாடலைச் சொல்லிக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

உதாரணத்துக்கு, மாஸ்ஸி பெர்குசன் 35 டிராக்டரில் வந்த மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ் 3.152 என்ஜினுக்கு, சூடேறிய நிலையில் முழு வேகத்தில் சதுர அங்குலத்துக்கு 30 முதல் 60 பவுண்டு என்று அளவு தரப்பட்டுள்ளது. இது சதுர சென்டிமீட்டருக்கு 2.1 முதல் 4.2 கிலோ ஆகும். சில கேஜ்களில் பவுண்டுக் கணக்கும், சிலவற்றில் கிலோக் கணக்கும் இருக்கும். 1 கிலோ என்பது சுமார் 14 பவுண்டு என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

பட்டறைகளில் ஒரு பொதுக் கணக்கும் உண்டு. என்ஜின் நிமிடத்துக்கு 1,000 சுற்று ஓடினால் 10 பவுண்டாவது வேண்டும். 2,000 சுற்றுக்கு 20 பவுண்டாவது வேண்டும். அவசரத்துக்கு மதிப்பிட இது உதவும். புத்தக அளவுக்கு இது மாற்று ஆகாது.

எச்சரிக்கை விளக்கை மட்டும் நம்பலாமா?

பல வண்டிகளில் முள் கிடையாது; சிவப்பு விளக்கு மட்டும்தான். அழுத்தம் மிகவும் கீழே இறங்கிய பிறகே இந்த விளக்கு எரியும். சாலை வேகத்தில் 40 பவுண்டு இருக்க வேண்டிய இடத்தில் 15 பவுண்டுதான் இருந்தாலும் பல வண்டிகளில் விளக்கு எரியாது. ஆகவே விளக்கு எரியவில்லை என்பது என்ஜின் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி அல்ல.

வேறொரு சோதனையும் அவசியம். சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யுமுன் விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் சில விநாடிகளில் அணைய வேண்டும். ஆரம்பத்திலேயே எரியாவிட்டால் பல்பு போயிருக்கலாம், ஒயர் அறுந்திருக்கலாம். பழைய வண்டி வாங்குவோர் இதை முதலில் பார்க்க வேண்டும். குறையை மறைக்க ஒயரைக் கழற்றிவிட்டு விற்பவர்களும் உண்டு.

கேஜ் வைத்துப் பார்க்கும் முறை

நெடும் பயணத்துக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே இதைச் செய்தால், குறை இருந்தால் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும்.

1. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் குச்சியைத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். ஆயில் இரண்டு கோடுகளுக்கு இடையே, மேல் கோட்டை ஒட்டி இருக்க வேண்டும். மேல் கோட்டுக்கு மேல் ஊற்றுவதும் தவறு.

2. டேஷ்போர்டில் உள்ள பழைய கேஜை நம்பாமல், மெக்கானிக்கிடம் உள்ள தனிக் கேஜைப் பயன்படுத்துவது நல்லது. என்ஜின் பிளாக்கில் ஆயில் சுவிட்ச் மாட்டியிருக்கும் துளையில், சுவிட்சைக் கழற்றிவிட்டு இந்தக் கேஜின் குழாயை மாட்ட வேண்டும். மரை பொருந்தாமல் முறுக்கக் கூடாது. கசிவு இருக்கக் கூடாது.

3. வண்டியைச் சுமையோடு அரை மணி நேரம் ஓட்டிச் சூடேற்ற வேண்டும். நின்ற இடத்தில் ஐடிலிங்கில் விட்டுச் சூடேற்றினால் ஆயில் போதிய சூடு பெறாது. ஓடும்போது கேஜும் குழாயும் சுற்றும் பாகங்களில் படாதபடி கட்டியிருக்க வேண்டும்.

4. சூடேறியதும் ஐடிலிங்கில் எவ்வளவு, சாலையில் போகும் வேகத்துக்கு ஆக்சிலேட்டரை உயர்த்தினால் எவ்வளவு என்று இரண்டு எண்களையும் நோட்டில் குறிக்க வேண்டும். தேதி, ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய ஆயில் வகை ஆகியவற்றையும் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும்.

இந்த நோட்டுதான் வண்டியின் ஜாதகம். சென்ற பொங்கலுக்கு 42, ஆடியில் 38, இப்போது 27 என்று எண் இறங்கி வந்தால், 27 என்பது புத்தக அளவுக்குள் இருந்தாலும் உள்ளே ஏதோ நடக்கிறது என்று பொருள். ஒரு தடவை பார்த்த எண்ணைவிட, இறங்கி வரும் கணக்கே அதிகம் சொல்லும்.

முள் குறைவாக இருந்தால்

உடனே என்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. செலவு குறைந்த காரணத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

முதலில் ஆயில் அளவு. குறைவாக இருந்தால் வெளியே கசிகிறதா, புகையாகப் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஆயிலின் தன்மை. டீசல் என்ஜினில் ஆயில் சீக்கிரமே கறுத்துவிடும். கறுப்பு மட்டும் குறையல்ல. விரலில் தொட்டுத் தேய்த்து, மோந்து பார்க்க வேண்டும். தண்ணீர்போல் நீர்த்து, டீசல் வாடை வீசினால், இன்ஜெக்டர் ஒழுகுகிறது அல்லது டீசல் பம்ப்பின் டயாப்ரம் கிழிந்து டீசல் சம்ப்பில் இறங்குகிறது. ஊற்றாமலேயே குச்சியில் ஆயில் ஏறிக்கொண்டே வந்தால் சந்தோஷப்படக் கூடாது; இதுதான் அதன் அடையாளம். ஆயில் பால் கலந்த காபிபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பில்டர். ஆயில் மாற்றும்போதெல்லாம் பில்டரையும் மாற்ற வேண்டும். புது ஆயிலை அழுக்குப் பில்டர் வழியாக ஓட்டுவது, குளித்துவிட்டு அழுக்கு வேட்டி கட்டுவது போலத்தான்.

நான்காவது, ரிலீப் வால்வு. அழுத்தம் மிஞ்சினால் ஆயிலைத் திருப்பி விடுவது இதன் வேலை. சிறு அழுக்கு சிக்கினாலோ, ஸ்பிரிங் தளர்ந்தாலோ வால்வு திறந்தே கிடக்கும். முள் கீழே விழும். பெரிய செலவில்லாமல் தீரும் குறை இது.

ஐந்தாவதாகத்தான் சம்ப்பைக் கழற்றிச் சல்லடை, பம்ப், பேரிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இந்தக் கட்டத்தில் பேரிங் செட் மட்டும் மாற்றுவதோடு போனால் அதிர்ஷ்டம். கவனிக்காமல் ஓட்டியிருந்தால் கிராங்க் ஷாப்டில் கோடு விழுந்து, அதைக் கழற்றி கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற பேரிங் போட வேண்டிவரும். ஒரு தடவை ஆயிலும் பில்டரும் மாற்றும் செலவையும், கிராங்க் வேலைக்கு ஆகும் செலவையும் பட்டறையில் விசாரித்துப் பார்த்தாலே எது சிக்கனம் என்று விளங்கிவிடும்.

ஒரு குறுக்கு வழியைப் பற்றி எச்சரிக்கை தேவை. "கொஞ்சம் கெட்டி ஆயில் ஊற்றினால் முள் ஏறிவிடும்" என்று சிலர் சொல்வார்கள். முள் ஏறும் என்பது உண்மைதான். ஆனால் தேய்ந்த பேரிங் தேய்ந்த பேரிங்தான். கெட்டி ஆயில் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது பேரிங்குக்குப் போய்ச் சேரத் தாமதமாகும்; அந்தச் சில விநாடிகளில் தேய்மானம் கூடும். முள்ளைத் திருத்துவது வேறு, என்ஜினைத் திருத்துவது வேறு. கைப்புத்தகம் சொல்லும் தரத்திலேயே ஆயில் ஊற்ற வேண்டும்.

ரேடியேட்டரில் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்

ஆயில் அழுத்தத்துக்கும் ரேடியேட்டர் தண்ணீருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ரேடியேட்டர் அடைத்தால் என்ஜின் சூடேறும். சூடு ஏறினால் ஆயில் இளகும். ஆயில் இளகினால் முள் இறங்கும். இந்த வட்டாரத்தில் இது தனிக் கவனம் பெற வேண்டிய விஷயம்.

பாலாற்றங்கரைத் தோல் ஆலைப் பகுதியில் கிணற்று நீர் உப்பேறியது ஊரறிந்தது. 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கின் தீர்ப்பில், இந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்குத் தகுதி இழந்துவிட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக வேலூர் ஆராய்ச்சி மையத்தின் கணக்கு எடுத்துக்காட்டப்பட்டது. பயிரையே வாட்டிய உப்புத் தண்ணீர் ரேடியேட்டரை மட்டும் விட்டுவைக்குமா? சூடு படப்பட உப்பும் சுண்ணாம்பும் உள்ளே படிந்து குழாய்களை அடைக்கின்றன, இரும்பையும் அரிக்கின்றன.

ஆகவே கிணற்றுத் தண்ணீரையும் போர்த் தண்ணீரையும் ரேடியேட்டரில் ஊற்றக் கூடாது. கூலன்ட் கலந்த காய்ச்சி வடித்த நீர் சிறந்தது. அது கிடைக்காத அவசரத்தில், சுத்தமாகப் பிடித்து மூடிவைத்த மழைநீர் உதவும். பல ஆண்டுகள் கிணற்று நீர் ஊற்றி ஓடிய வண்டியாக இருந்தால், பயணத்துக்கு முன் ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்துகொள்வது நலம். ஹோஸ் பைப்புகளை அமுக்கிப் பார்த்து, வெடிப்போ உப்பலோ இருந்தால் மாற்ற வேண்டும். பேன் பெல்ட்டை நடுவில் விரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் அமுங்குவது சரியான இறுக்கம்.

உப்புத் தோல் ஏற்றிய வண்டியா?

இந்த வட்டாரத்தில் பழைய சரக்கு வண்டி வாங்குவோர் அது முன்பு என்ன ஏற்றியது என்று விசாரிக்க வேண்டும். பச்சைத் தோலை உப்பிட்டுத்தான் ஆலைக்குக் கொண்டு வருகிறார்கள். அதிலிருந்து சொட்டும் உப்பு நீர் சேசிஸ், பிரேக் குழாய், ஸ்பிரிங் பட்டை, ஒயர் முனை எல்லாவற்றையும் அரிக்கும். மேலே புதுப் பெயிண்ட் பளபளக்கும். அடியில் படுத்துப் பார்த்து, சிறு சுத்தியால் தட்டினால் உண்மை தெரியும். பிரேக் குழாயில் துரு ஏறியிருந்தால், ஆயில் முள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த வண்டியை நெடுஞ்சாலைக்கு எடுத்துச் செல்லக் கூடாது.

புறப்படும் முன் மற்றவை

டயரில் பட்டன் இருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்பு இருந்தால் ஆபத்து. டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும்; முதல் இரண்டு இலக்கம் வாரம், கடைசி இரண்டு இலக்கம் தயாரித்த ஆண்டு. ஸ்டெப்னியிலும் காற்று பார்க்க வேண்டும்.

டீசல் பில்டரின் அடித் திருகைத் தளர்த்தித் தேங்கிய தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஆயில் நிரப்பிய பழைய மாதிரி ஏர் கிளீனராக இருந்தால் கழுவிப் புது ஆயில் விட வேண்டும். வயல் புழுதி உள்ளே போனால் என்ஜின் தேய்மானம் அங்கேதான் தொடங்குகிறது.

பின் விளக்கு, பிரேக் விளக்கு, ஒளிரும் பட்டை ஆகியவை சரியாக இருக்க வேண்டும். சரக்கு வண்டிக்குத் தகுதிச் சான்று நடப்பில் இருக்க வேண்டும். டிராக்டருக்குப் பதிவு பெற்று 15 ஆண்டு முடிந்திருந்தால் பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும். டிரெய்லரில் ஆட்களை ஏற்றுவது சட்டப்படியும் குற்றம், உயிருக்கும் ஆபத்து.

அதே வகை ஆயில் இரண்டு லிட்டர், தண்ணீர் கேன், பேன் பெல்ட் ஒன்று, ஹோஸ் கிளிப், பியூஸ், பல்பு, கட்டி இழுக்கும் கயிறு, டார்ச் லைட் ஆகியவை வண்டியில் இருக்கட்டும்.

எல்லாம் முடிந்தபின், நேராகச் சென்னைக்குப் புறப்படாமல், பாதிச் சுமையோடு வேலூர் தாண்டிப் பள்ளிகொண்டா வரை ஒரு நடை போய்வந்து முள்ளைப் பார்ப்பது நல்லது. அங்கே தெரியும் குறையோடு வீடு திரும்பிவிடலாம்.

வழியில் முள் விழுந்தால்

ஓட்டும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முள்ளை ஒரு பார்வை பார்த்தால் போதும். மேட்டில் ஏறும்போது பெரிய கியரிலேயே என்ஜினைத் திணறவிடக் கூடாது. என்ஜின் மெதுவாகச் சுற்றினால் பம்ப்பும் மெதுவாகச் சுற்றும். ஆயில் குறையும் அந்த நேரத்தில்தான் பேரிங்கில் சுமை அதிகம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர், பெங்களூர் போகிறவர்கள் ஏற்றத்தில் இதை நினைவில் வைக்க வேண்டும். கியரைக் குறைத்து என்ஜினைச் சுலபமாகச் சுற்றவிட வேண்டும்.

பிரேக் போடும்போதும் திரும்பும்போதும் மட்டும் முள் ஆடினால், சம்ப்பில் ஆயில் குறைந்து பம்ப் காற்றை உறிஞ்சுகிறது என்று பொருள். நிறுத்தி ஆயில் ஊற்ற வேண்டும்.

ஓடும் வேகத்திலேயே முள் சட்டென்று விழுந்தாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ, அடுத்த ஊர் வரை போய்விடலாம் என்று எண்ணவே கூடாது. ஆக்சிலேட்டரை விட்டு, வண்டியை ஓரம் கட்டி, உடனே என்ஜினை அணைக்க வேண்டும். ஆயில் இல்லாமல் ஓடும் பேரிங் சில நிமிடங்களில் பொசுங்கிவிடும். பின்னால் வருவோர் காணும்படி எச்சரிக்கை முக்கோணம் வைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்க்க வேண்டும். ஆயில் குறைவாக இருந்து, பெரிய கசிவு இல்லாவிட்டால் ஊற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். முள் எழுந்தால் மெதுவாகப் பட்டறை வரை போகலாம். ஆயில் சரியாக இருந்தும் முள் எழாவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது. கேஜ் கெட்டிருக்கலாம்தான். ஆனால் அதைச் சாலையில் நின்று ஊகிக்கக் கூடாது. கட்டி இழுத்துப் போய்ப் பட்டறையில் வேறு கேஜ் வைத்துப் பார்ப்பதே முறை.

அந்த நேரத்தில் மனம் சுமையைத்தான் நினைக்கும். சந்தை தவறிவிடுமே என்று தோன்றும். ஒரு நடைக் காய் போனால் அடுத்த பறிப்பில் ஈடு செய்யலாம். என்ஜின் போனால் அந்தப் பறிப்பை ஏற்றிப் போகவும் வண்டி இராது.